பதினேழாம் நம்பர்

"பாண்டுரங்கன் கடைக்கா போறீங்க, பாய்?" என்றார் டீக்கடை துரைக்கண்ணு. "மெட்ராஸ்காரன் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத் துரத்துன கையாச்சே அது. இங்க பம்புசெட்டுக்கு ஒட்டு போட்டுக்கினு கெடக்குது."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே போனீங்க? நீங்க இன்னிக்கு தாசில்தாருக்கு மேல சம்பளம் வாங்கறீங்க. அவன பாருங்க. எதுக்கும் கை சுத்தமா இருக்கணும், பாய்."

நசுருதீன் டீயைப் பாதியில் வைத்தான். பெஞ்சின் மேல் இருந்த கையை எடுத்துச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

மூன்று வருஷமாக லீவுக்கு வரும்போதெல்லாம் அவன் கடைத்தெருப் பக்கம் போவதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, கோட்டை ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவான். பாண்டுரங்கன் கடை கடைத்தெருவில் இருந்தது.

இன்று நேராக நடந்தான்.

அறுபத்தாறில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் மெட்ராஸில் இருந்த ஒரு பாய்லர் கம்பெனிக்குப் போனார்கள். ஆறு மாதம் ஆர்கான் வெல்டிங் கற்றுக்கொடுத்தார்கள். கடைசியில் டெஸ்ட். ஆளுக்கு ஒரு குழாயை ஒட்ட வேண்டும். அந்த வேலையில் நெருப்பு ஒரு டங்ஸ்டன் ஊசியின் முனையில் நிற்கும். ஊசி குழாயைத் தொடக் கூடாது. தொட்டால் அதன் துணுக்கு உள்ளே தங்கிவிடும். எக்ஸ்ரே படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும்.

நசுருதீனின் ஊசி தொட்டுவிட்டது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அவனுக்குத் தெரியும்.

குழாய் ஆறியதும் அவரவர் நம்பரை இரும்பு அச்சு வைத்துச் சுத்தியலால் அதில் அடிக்க வேண்டும். இரண்டு குழாய்களும் ஒரே மேசையில் கிடந்தன. பாண்டுரங்கன் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான்.

நசுருதீன் தன் பதினேழை எடுத்துப் பாண்டுரங்கனின் குழாயில் அடித்தான். அச்சை மேசையிலேயே போட்டுவிட்டு முகம் கழுவப் போனான். திரும்பி வந்தபோது, மீதி இருந்த குழாயில் பாண்டுரங்கன் தன் பதினெட்டை அடித்து வைத்திருந்தான்.

மறுநாள் எக்ஸ்ரே படங்கள் வந்ததும் இன்ஸ்பெக்டர் குழாயைத் தடவிப் பார்த்தார். "பதினேழு யாரு? வேலையும் சுத்தம், நம்பரும் நல்லா ஆழமா விழுந்திருக்கு."

பதினெட்டைச் சாயங்கால பஸ்ஸில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த மாதமே நசுருதீனின் தங்கை கமர் ஜஹானுக்கு நிக்காஹ் நடந்தது. அண்ணனுக்குக் கம்பெனி வேலை ஆகிவிடும் என்ற பேச்சில் நிச்சயமான சம்பந்தம் அது. பந்தலில் நாற்காலி போட்டவர்களில் பாண்டுரங்கனும் ஒருவன்.

கடையில் பாண்டுரங்கன் ஒரு தண்ணீர்ப் பைப்பின் வெடிப்பை ஒட்டிக்கொண்டிருந்தான். நிழலைப் பார்த்துக் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.

"வாய்யா, மெட்ராஸ்காரா. வழி தெரிஞ்சிடுச்சா?"

"கம்பெனியில மறுபடியும் ஆள் எடுக்கறாங்க, பாண்டு. உன் பேர சொல்லியிருக்கேன்."

"ஃபெயிலான பேரயா? ஃபோர்மேன் சிரிக்கல?"

"சிரிச்சாரு."

"பின்ன இன்னா?"

"நீ ஃபெயிலாவல."

பாண்டுரங்கன் நெருப்பைப் பைப்பிலிருந்து விலக்கினான்.

"அந்தப் பதினேழு போட்ட குழாய் உன்னுது. என்னுதுல ஊசி பட்டுட்டுது. நீ தண்ணி குடிக்கப் போனப்ப..." நசுருதீன் பைப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பாண்டுரங்கன் கேஸை மூடினான். நெருப்பு 'டப்'பென்று அணைந்தது.

"தெரியும்."

"எப்பத்துலேர்ந்து?"

"அன்னிக்கே. நான் போட்ட ஒட்டு எனக்குத் தெரியாதா? தண்ணி குடிச்சிட்டு வரேன், என் குழாய் மேல உன் நம்பர் குந்திக்கினு இருக்குது."

"கேட்டிருக்கலாமேடா. நாலு பேர் மத்தியில செருப்பால அடிச்சிருக்கலாமே."

"கோவம் வரலன்னு சொல்லல. ஆனா கமரு நிக்காஹுக்குப் பத்திரிகை அடிச்சாச்சி. உனக்கு வேலை இல்லன்னா அந்தப் பையன் வூட்ல ஒத்துக்குவாங்களா? எனக்கு தொண்டூர்ல நைனாவோட காணி இருந்துச்சி."

"இங்க அத்தினி பேரும் உன் கைய கொற சொல்றாங்க."

"சொல்லட்டும். சொல்றவன் வூட்டு பைப்பும் இங்கதான் வருது."

நசுருதீன் தலை நிமிரவில்லை. "நாளைக்கே போயி இன்ஸ்பெக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேன். என் வேலை போனாலும் சரி."

"இன்னான்னு சொல்லுவ?"

"நம்பர மாத்தி அடிச்சவன் நான்தான்னு."

"அப்படி சொல்லாத. பொய்யாப் பூடும்."

நசுருதீன் நிமிர்ந்தான்.

பாண்டுரங்கன் பைப்பைத் திருப்பி வைத்தபடி சொன்னான்: "பயத்துல லேசா தட்டிட்டு ஓடிட்ட. பதினேழுல ஒண்ணு மட்டுந்தான் விழுந்திருந்துச்சி. ஏழு வெறும் கீறல். அப்படியே விட்டா யாரு குழாய்னு கேள்வி வரும், நீ மாட்டிக்குவன்னு, உன் அச்ச வச்சி நான்தான் ஓங்கி அடிச்சேன்."