சொட்டு விழுமுன்

ஸ்ரீலக்ஷ்மியின் ஆராய்ச்சி தொடருமா, மூடப்படுமா என்பது அந்தக் காலையில் முடிவாக இருந்தது. பாக்டீரியாவின் நீண்ட டிஎன்ஏ இழையைப் பிடித்து வளைத்து, அதன் சின்னஞ்சிறு உடலுக்குள் அடக்குவது, தான் கண்டெடுத்த புரதமே என்று கருத்தரங்குதோறும் முழங்கியவள் அவள். சான்று கேட்பது குற்றமன்று, சான்று தராததே குற்றம் என்றும் முழங்கியவள். கண்ணெதிரே காட்டு என்றார் வழிகாட்டிப் பேராசிரியர் திரவியம்.

ஒளிரும் சாயமேற்றிய இழை கண்ணாடித் தகட்டில் நீண்டு கிடந்தது. நுண்ணோக்கி அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டியது. அந்த ஆய்வகத்தில் ஒருவர் சொட்டு விடும்போது மற்றவர்கள் கையைப் பார்ப்பதில்லை, திரையைத்தான் பார்ப்பார்கள். ஸ்ரீலக்ஷ்மி புரதம் நிரப்பிய பிப்பெட்டைத் தகட்டுக்கு மேல் கொண்டுவந்தாள்.

"சுருளுது சேச்சி, அடிபொளி!" என்று கூவினாள் உடன் ஆராயும் கேரளத்துப் பெண் நீது.

"நம்பிட்டேன்மா. வேலையைத் தொடரு," என்று சொல்லிவிட்டுத் திரவியம் வெளியேறினார்.

ஸ்ரீலக்ஷ்மியின் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். சொட்டு விழவேயில்லை, பிப்பெட்டின் முனையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நடந்துபோய், அதை மூலையிலிருந்த கழிவுத்தொட்டியில் விட்டாள்.

"ஐயோ, அவிழுது! எங்க போனீங்க? இங்க வாங்க!" என்று திரையைப் பார்த்தபடியே நீது கத்தினாள்.

அவள் வெறுங்கையோடு திரும்பி வந்து மேசையருகே நின்றாள்.

"ஹாவூ!" என்று நீது மூச்சுவிட்டாள். "சமர்த்தா மறுபடியும் சுருண்டுடுச்சு. இனி அசையாதீங்க சேச்சி."

ஸ்ரீலக்ஷ்மி அசையவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது.