மாடியில் கூட்டம்

முதல் இரண்டு படிகளை அவள் நின்றபடியே ஏறினாள்.

மூன்றாவதில் வலது முட்டி மடங்க மறுத்தது.

கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு மேலே பார்த்தாள். இன்னும் பதினேழு படிகள். அதற்கு மேல் ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் பேரூராட்சி மன்றக் கூட்டம்.

போன மாதம் வரை கூட்டம் கீழேதான் நடந்தது. இன்று வந்து பார்த்தால், கீழ்க்கூடத்தில் வெள்ளையடிக்கிறார்களாம். சுண்ணாம்பு வாடையே இல்லை. வாசலில் ஒரு வாளி மட்டும் இருந்தது. எட்டிப் பார்த்தாள். காலி.

அவள் எட்டாவது வார்டு உறுப்பினர். வயது ஐம்பத்து நான்கு. முப்பது வருடம் காலை மடக்கி உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றியவள். இரண்டு முட்டியிலும் தேய்மானம். குத்தவைக்கவே கூடாது என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அவள் தெருவில் வீட்டுக்குள் கழிப்பறை கிடையாது. எல்லோருக்கும் தெருமுனைப் பொதுக் கழிப்பிடம்தான். அங்கே குத்தவைக்காமல் எப்படி?

அவளுக்கு மட்டுமா. தெருவில் பாதிப் பெண்களுக்கு முட்டி போய்விட்டது. பகலில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள்.

அவள் ஒரு தீர்மானம் எழுதினாள். பெண்கள் கழிப்பிடத்தில் நாற்காலிபோல் உட்காரும் கோப்பை இரண்டு. பிடித்து எழச் சுவரில் கம்பி. அவ்வளவுதான்.

“பீடி சுத்துத பொம்பளையளுக்கு வெஸ்டர்ன் கேக்குதோ?” என்றார் தலைவர். மன்றமே சிரித்தது. இரண்டு கூட்டங்களில் தள்ளி வைத்தார்கள். இது மூன்றாவது. கொண்டுவந்தவர் வராவிட்டால் தீர்மானம் அதோடு போய்விடும் என்று நேற்றே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கூட்டம் பதினொரு மணிக்கு. இப்போது பத்து நாற்பது.

அலுவலக உதவியாளர் முருகையா ஓடி வந்தார்.

“எக்கா, செத்த இருங்க. நாலு பேர வரச் சொல்லி நாற்காலியோட தூக்கிருதோம்.”

“நாலு பேரு தூக்குததுக்கு இன்னும் நாள் கெடக்கு முருகையா.”

அவள் திரும்பினாள். படிக்கட்டுக்கு முதுகைக் காட்டி, கம்பியைப் பிடித்தபடி மெல்ல இறங்கி உட்கார்ந்தாள். சேலையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகினாள். இரண்டு கைகளையும் பின்னால் அடுத்த படியில் ஊன்றினாள்.

உந்தினாள்.

ஒரு படி.

இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மகள் வீட்டு மாடியில், எல்லோரும் வேலைக்குப் போன பிறகு, அவளாகக் கண்டுபிடித்த வழி. இதுவரை யார் கண்ணிலும் பட்டதில்லை.

இன்று ஆபீசே பார்த்தது. வரி கட்ட வந்தவர்கள் வரிசையை விட்டு நகர்ந்து வந்து நின்றார்கள்.

ஏழாவது படியில் மணிக்கட்டு எரிந்தது. பத்தாவதில் மூச்சு வாங்கியது. ஒரு காண்டிராக்டர் கீழிருந்து செல்போனை உயர்த்திப் பிடித்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“நல்லா எடு தம்பி. கீழ கெடக்க காலி வாளியையும் சேத்து எடு.”

யாரோ சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு அவளைப் பார்த்து அல்ல.

செல்போன் இறங்கியது.

கடைசிப் படியில் கம்பியைக் கட்டிப்பிடித்து எழுந்தாள். கண்ணில் நீர் முட்டியது. வலிதான். அது வடியும் வரை நின்றுவிட்டுக் கதவைத் தள்ளினாள்.

மணி பதினொன்று அடிக்க இரண்டு நிமிடம்.

தலைவர் அவளைப் பார்த்தார். அவள் சேலையில் ஒட்டியிருந்த படிக்கட்டுத் தூசியைப் பார்த்தார்.

“உக்காருங்க.”

உட்கார்ந்தால் எழ வேண்டும். அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். தெருவிளக்கு, குப்பை வண்டி, சந்தை ஏலம் எல்லாம் முடியும் வரை நின்றாள். அவளுடையது ஒன்பதாவது.

தலைவர் வேகமாக வாசித்தார்.

“ஆதரிக்கவங்க கை தூக்கலாம்.”

அவள் தூக்கினாள்.

வேறு கை எழவில்லை. தலைவர் பேனாவை எடுத்தார்.

அப்போது முன்வரிசையில் ஒரு கை எழுந்தது. இரண்டாவது வார்டு சொர்ணம். தலைவரின் கட்சி. தலைவர் கை தூக்கிய பிறகே கை தூக்கிப் பழகியவள். அவள் தலைவர் பக்கம் திரும்பவில்லை. மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஐந்தாவது வார்டு. பிறகு பின்னாலிருந்த பெண்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு. கடைசியாக ஒரு கிழவர்.

பதினைந்தில் எட்டு.

தலைவர் எழுதினார்.

கூட்டம் கலைந்ததும் ஆண்கள் படபடவென்று இறங்கிப் போனார்கள். அவள் எல்லோரும் போகக் காத்திருந்தாள். பிறகு கம்பியைப் பிடித்து மேல்படியில் உட்கார்ந்தாள். இறங்குவது இன்னும் மோசம்.

பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது.

சொர்ணம். கஞ்சி போட்ட சேலை. ஒரு கை கதவு நிலையை இறுகப் பிடித்திருந்தது.

“மாடியிலன்னு எங்க கட்சிக்கு நேத்தே தெரியும். நான் ஒம்போதரைக்கே வந்துட்டேன்க்கா,” என்றாள் மெதுவாக. “யாரும் வரதுக்குள்ள ஏறிரணும்னு.”

கீழே ஆபீஸ் இரைந்துகொண்டிருந்தது. வரிசை இன்னும் கலையவில்லை.

அவள் சுவரோரமாக நகர்ந்து, படியில் இன்னொருத்திக்கு இடம் விட்டாள்.