சோடி மாத்தோணும்

"அந்த பஹ்மி நானா ஒரு கள்ளன்."

கல்லடியில் இந்தச் செய்தியை ஒரு வருடமாக ஒலிபரப்பிக்கொண்டிருந்தவள் கஜானி. மீனவர் சங்கச் செயலாளர் என்பதால் காது கொடுக்கவும் நாலு பேர் இருந்தார்கள்.

விஷயம் இதுதான். சங்கத்துக்குக் கடற்கரையில் ஒரு ஒலிபெருக்கி இருக்கிறது. காற்று எழும்பினால் அதில்தான் தோணிகளைக் கரைக்குக் கூப்பிடுவார்கள். போன வருடம் அதன் அம்பிளிபயர் புகைந்தபோது, பாலம் கடந்து, எல்லாரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் பஹ்மியின் ரேடியோ திருத்தும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

நானா திறந்து பார்த்தார். "ரெண்டு ட்ரான்சிஸ்டர்ல ஒண்டு செத்துப் போச்சு, தங்கச்சி. சோடி மாத்தோணும்."

"செத்தது ஒண்டுதானே? நல்லா இரிக்கிறதை ஏன் கழட்டுறீங்க?"

"பழசும் புதுசும் ஒண்டா இழுக்காது. பாரம் முழுக்க ஒண்டில விழும். பிறகு ரெண்டும் போயிரும்."

சரி என்றாள். புதுச் சோடியைப் பூட்டி முடித்ததும் கையை நீட்டினாள்.

"அப்ப அந்த நல்லதைத் தாங்க, நானா."

"அது கடையில இருக்கட்டும். தனி ஒண்டை வச்சு நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"எங்கட சாமான் எங்களுக்குத்தானே?"

"ஒராளுக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கோணும், தங்கச்சி."

கஜானியா விடுவாள்? கடையே அதிர வாதாடினாள். நடுவில் நானா போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஓம், ஓம், சொல்லுங்க" என்றபடி வாசலுக்குப் போனார். அந்த ட்ரான்சிஸ்டர் மேசை ஓரத்தில் கிடந்தது. அவர் திரும்பி வந்தபோது அது கஜானியின் கைப்பைக்குள் இருந்தது.

"களவெடுத்தியா?" என்று கேட்டான் புருஷன் விஜிதரன்.

"மீட்டெடுத்தன்" என்றாள்.

மீட்டதைப் பஞ்சில் சுற்றி, மாத்திரைப் போத்தலில் போட்டு, அலுமாரியில் நகை வைக்கும் தட்டில் வைத்துப் பூட்டினாள். அதற்குப் பிறகுதான், நல்ல சாமானைக் கழற்றி வைத்துக்கொள்கிறார் என்று ஊர் முழுக்க நானாவுக்குக் கள்ளன் பட்டம்.

இந்த ஐப்பசியில் ஒரு மின்னல் வெட்டியது. அம்பிளிபயரில் இரண்டு ட்ரான்சிஸ்டரும் சேர்ந்து எரிந்தன. நானாவிடம் போக முகமில்லாமல் கஜானி வேறொரு கடையில் கொடுத்தாள். அங்கே போட்டது அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை.

அடுத்த நாளே காற்று எழும்பியது. விஜிதரனின் தோணி கடலில். கஜானி கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். ஊருக்கெல்லாம் கேட்ட அவள் குரல் முதல் அலையைக்கூடத் தாண்டவில்லை. தோணி எப்படியோ கரை சேர்ந்தது. ஆனால் இன்னொரு காற்றுக்கு அந்த ஒலிபெருக்கி ஊமையாக இருக்கக்கூடாது.

மறுநாள் காலை பஹ்மி நானாவின் வாசலில் நின்றாள். கைப்பைக்குள் மாத்திரைப் போத்தலும் இருந்தது. அதைப் பற்றிச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

"வாங்க தங்கச்சி. கல்லடியில என்ட பேர் நல்லா ஓடுதாமே?"

கஜானி நிலத்தைப் பார்த்தாள். நானா சிரித்துக்கொண்டே அம்பிளிபயரைத் திறந்தார்.

"இந்த நம்பர் ட்ரான்சிஸ்டர் இப்ப எங்கயும் செய்யிறல்ல. கொழும்பில விக்கிறதில நம்பர் மட்டும்தான் அசல், உள்ளுக்கு ஒண்டுமில்ல."

பிறகு ஒரு பிஸ்கட் பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே விதம்விதமான பழைய ட்ரான்சிஸ்டர்கள்.

"இதுக்குத்தான் நல்லதையெல்லாம் கழட்டி வச்சுக்கொள்ளுற. ரெண்டு தனியனை அளந்து சேத்தா ஒரு சோடி. போன மாசம் ஒரு கோயிலுக்குக் குடுத்தன், அதுக்கு முதல் ஒரு சேர்ச்சுக்கு. இதுக்கு நான் சல்லி எடுக்கிறல்ல."

கஜானிக்கு முகம் சுட்டது. கள்ளன் என்று ஊரெல்லாம் சொன்ன மனிதர், கடையில் கிடைக்காத சாமானை ஊருக்காகச் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நானா பெட்டியைக் கிளறி ஒன்றைப் பொறுக்கினார். "உங்கட நம்பர்ல ஒண்டுதான் மிச்சம். இன்னொரு தனியன் வேணும், தங்கச்சி."

அவள் போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள்.

"நானா, அண்டைக்கு இது இந்த மேசையில கிடந்தது. நான்தான் எடுத்தன். நீங்க கள்ளன் இல்ல. நான்தான் கள்ளி."

நானா பஞ்சைப் பிரித்து, இரண்டையும் மீற்றரில் அளந்து பார்த்தார். "நல்ல சோடி" என்றார். ஈயம் வைத்துப் பூட்டி, மைக்கை அவளிடம் நீட்டினார். "கதைச்சுப் பாருங்க."

ஒரு வருடமாக ஓயாமல் பேசியவளுக்கு அப்போது ஒரே ஒரு சொல்தான் வந்தது. "ஹலோ" என்று மெல்லச் சொன்னாள். கடை அதிர்ந்தது.

"என்னில கோவம் இல்லையா, நானா?"

"என்னத்துக்குக் கோவம்? கடலுக்குப் போற ஆக்கள்ற சாமான். என்ட பெட்டியில கிடந்திருந்தா கேட்டு வந்த ஆருக்காவது குடுத்திருப்பன். உங்கட கையில எண்டா ஒருத்தருக்கும் போகாது, பத்திரமா இருக்கும் எண்டு தெரியும்."

"தெரியுமா? நீங்கதான் அந்த நேரம் வாசல்ல போன் கதைச்சுக்கொண்டு நிண்டீங்களே?"

நானா அம்பிளிபயரின் மூடியைப் பூட்டினார்.

"அண்டைக்கு எனக்கு ஒரு போனும் வரல்ல, தங்கச்சி."