ஃபெயில் போட்ட டீச்சர்

"அந்தக் கடைசி வரியை எடுங்க. இல்லாட்டி நானே அறுத்துபோடுவேன்."

பங்காரு சத்தமாகத்தான் சொன்னார். காரமடைப் பள்ளிக்கூட மைதானத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மேடையில் சாஜிதா பேகம் டீச்சரின் படம். பின்னால் பெரிய ஃப்ளெக்ஸ். எண்பத்தெட்டு வயது வரை வாழ்ந்த டீச்சரின் பெருமைகளைப் பழைய மாணவர் சங்கம் அதில் அச்சடித்திருந்தது. கடைசி வரி இது: 'முப்பத்தாறு ஆண்டுகளில் ஒரு பிள்ளையைக்கூட ஃபெயில் போடாத தாய்!'

சங்கத் தலைவர் மோகன்குமாருக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த வரியை யோசித்து எழுதியதே அவர்தான்.

"ஏனுங்க பங்காரக்கா, இது நினைவுக் கூட்டமுங்க. இங்க வந்து வம்பு பண்ணலாமுங்களா?"

"வம்பு இல்லீங்க. அது பொய்யுங்க. டீச்சர் என்னை எட்டாவதுல ஃபெயில் போட்டாங்க."

கூட்டத்தில் சலசலப்பு. அதுவரை பேசியவர்கள் எல்லாரும் நல்லதாகத்தான் பேசியிருந்தார்கள். ரிட்டையராகி முப்பது வருஷம் கழிந்தும், சந்தையில் பழைய மாணவரைப் பார்த்தால் டீச்சர் பதினாறாம் வாய்ப்பாடு கேட்பாராம். தக்காளிக்காரர் தப்பாகச் சொன்னால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாராம். சனம் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்த நேரத்தில்தான் இந்தக் கூத்து.

"நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. இன்னுமா மனசுல வெச்சிருக்குது?" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"பீளமேட்டுல லேத் பட்டறை வெச்சு நல்லாத்தானே இருக்குது? அப்புறம் என்ன கோவம்?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

முன்வரிசையில் டீச்சரின் மகள் ரிஃபத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

மோகன்குமார் இறங்கி வந்து குரலைத் தாழ்த்தினார். "அக்கா, அவங்க பொண்ணு உக்காந்திருக்குறாங்க. அம்மா போயி இன்னும் நாப்பது நாள்கூட ஆகலை. கொஞ்சம் விட்டுக்குடுங்க."

"வேற எதை வேணும்னாலும் விட்டுத் தாரேனுங்க. இதை உடமாட்டேன்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று மேடையேறிவிட்டார் பங்காரு. ஒரு கையில் பட்டறைக் கட்டர். இன்னொரு கையில் பழுப்பேறிய காகிதம். மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இது என்னோட முழுப்பரீட்சை கணக்குப் பேப்பருங்க. நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு. திருத்துனது டீச்சர். ஆனா ரிசல்ட் ஒட்டுனப்ப நான் கணக்குல ஃபெயில்."

பேப்பரைக் கூட்டத்துக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார்.

"அப்ப எனக்குப் பதிமூணு வயசு. முப்பது வயசு மாப்பிள்ளைக்குக் குடுக்கறேன்னு எங்கப்பா பேசி முடிச்சுபோட்டாரு. பொண்ணு எட்டாவது பாஸா இருக்கோணும், அதான் மாப்பிள்ளை ஊட்ல கேட்டது. டீச்சர் எங்கூட்டுக்கு மூணு தடவை வந்து கெஞ்சினாங்க. எங்கப்பா கேக்கலீங்க. ரிசல்ட் வந்துச்சு. மண்டையில ஒண்ணுமில்லாத புள்ளை எங்களுக்கு வேண்டாமுன்னு அவங்களே போயிட்டாங்க."

குரல் லேசாக உடைந்தது. ஆனால் பங்காரு அழவில்லை.

"எதுக்கு ஃபெயில் போட்டாங்கன்னு அப்ப எனக்கே தெரியாதுங்க. பத்து வருசம் டீச்சரைத் திட்டாத நாளில்லை. அப்புறம் படிச்சு முடிச்சு, எனக்குப் புடிச்ச மாப்பிள்ளையைக் கட்டுனப்ப, கல்யாணத்துக்கு வந்து ஒரு கவர் குடுத்தாங்க. மொய்யின்னு நெனச்சுப் பிரிச்சா, இந்தப் பேப்பர். வேலையே போனாலும் போகட்டும்னு ஒரு புள்ளையைக் காப்பாத்துனவங்களைப் போயி, ஃபெயிலே போடாதவங்கன்னு எழுதி வெப்பீங்களா?"

பேப்பரை மடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார் பங்காரு.

"என்னை மாதிரி இங்க வேற யாராச்சும் இருந்தா எந்திரிங்க. இன்னும் எதுக்கு வெக்கம்?"

நாலாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தார். வேப்பமரத்தடியில் இன்னும் இரண்டு பேர். அவர்களில் ஒருவர், "எனக்குக் கவர் வரலீங்க. நான் ஃபெயிலான வருசம் என்னோட கல்யாணமும்தான் நின்னுபோச்சு. நான் நெசமாவே மக்குன்னு இத்தனை வருசமா நெனச்சிட்டு இருந்தேன்" என்று சொல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மோகன்குமார் விடுவதாக இல்லை.

"நல்ல மனசுலதான் செஞ்சாங்க, ஒத்துக்கறேனுங்க. ஆனா பாஸான புள்ளையை ஃபெயில்னு போட்டது வெளிய தெரிஞ்சா டீச்சர் பேரு என்னாகறது? ரிஃபத்தம்மா, நீங்களே சொல்லுங்க."

ரிஃபத் எழுந்தார். மெதுவாக மேடையேறினார். பங்காருவின் கையிலிருந்த கட்டரை வாங்கினார். தூர வீசப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

அவர் ஃப்ளெக்ஸின் அந்தக் கடைசி வரியை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அறுத்து எடுத்தார். சுருட்டி மோகன்குமாரின் கையில் கொடுத்தார்.

"எங்கம்மா மொதமொதல்ல ஃபெயில் போட்டது என்னையத்தானுங்க," என்றார். "எங்க அத்தா எனக்கு மாப்பிள்ளை பேசி முடிச்சுட்டு வந்த வருசம்."