பதினொன்றும் நலம்

“எல்லாம் செத்துப்போச்சு மேடம். ஒண்ணுகூட மிஞ்சல.”

கைப்பேசியில் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவர் லேத் பட்டறைக்காரர். அவருடைய மூக்குக்கு நேரே, ஜன்னலோரக் கண்ணாடித் தொட்டியில், பதினோரு டிரையாப்ஸ் நீர்ப்பூச்சிகள் துறுதுறுவென்று நீந்திக்கொண்டிருந்தன.

அறையின் மறுபக்கத்தில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்த மனைவி, மிதியிலிருந்து காலை எடுத்தாள். எழுந்து வந்து தொட்டிக்குள் பார்த்தாள். முதுகில் ஓடு, பின்னால் இரட்டை வால், தலையில் மூன்று கண். எண்ணினாள். பதினொன்றும் இருந்தன. ஒன்று மல்லாந்து நீந்தியபடி அத்தனை கால்களையும் ஆட்டியது.

“முப்பது நாள் ஆலோசனை நேத்தோட முடிஞ்சுது, தெரியும் மேடம். புதுப் பாக்கெட் வாங்கினா மறுபடி மொதல்லேருந்துதானே? அப்ப இன்னொரு முப்பது நாள் உண்டுல்ல? சரிங்க மேடம். நீங்க சொன்னாச் சரி.”

பேசி முடித்துவிட்டுத் திரும்பியவர், மனைவியைப் பார்த்ததும் கைப்பேசியைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார்.

“ஏங்க, எது செத்துப்போச்சு?”

“உனக்கு ஒண்ணும் புரியாது. விடு.”

“புரியலன்னுதானே கேக்கறேன். எல்லாம் நல்லாத்தானே இருக்கு?”

“வெந்நீர் போட்டியா?” என்று கேட்டார் அவர்.

ஒரு மாதமாகவே அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வாசலில் பூனை வந்து நின்றால்கூட விரட்டுகிற மனிதர், ஒரு நாள் பட்டறையிலிருந்து வரும்போது சின்ன பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு ஸ்பூன் மணல். “இதுல முட்டை இருக்கு. வருஷக்கணக்கா காஞ்சு கிடந்தாலும் தண்ணி பட்டா பொரிக்கும்” என்றார். மணலை முட்டை என்று விற்றவன் கெட்டிக்காரன்தான் என்று அவள் சிரித்தாள்.

பட்டறையில் பேட்டரிக்கு ஊற்றுவதற்கு வைத்திருந்த காய்ச்சி வடித்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி, மேலே விளக்குப் போட்டு வைத்தார். இரண்டாம் நாள், தூசி மாதிரி வெள்ளைப் புள்ளிகள் துள்ளின. அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

பூச்சி வந்ததில்கூட அவளுக்கு ஆச்சரியம் இல்லை. போன்தான் விளங்கவில்லை. பாக்கெட்டில், முப்பது நாளைக்குச் சந்தேகம் கேட்க ஒரு எண் அச்சடித்திருந்தது. தினமும் காலையில் அந்த எண்ணைக் கூப்பிடுவார். வேறு யாராவது எடுத்தால், “அந்த மேடம் வந்ததும் பேசறேன்” என்று வைத்துவிடுவார். வரி ஆபீசரையே ‘என்னப்பா’ என்று கூப்பிடுகிறவர் வாயில் மூச்சுக்கு மூச்சு மேடம்.

கேட்பதும் கேட்க வேண்டிய கேள்வியா என்ன? தண்ணீர் எத்தனை டிகிரி இருக்கலாம் என்பார். அது பாக்கெட்டிலேயே இருக்கிறது. பட்டறை ஸ்கேலை வைத்து, “இன்னிக்கு ஒண்ணு இருபத்திரெண்டு மில்லி மேடம்” என்பார். ஒன்றை ஒன்று தின்றபோது மட்டும் நிஜமாகவே பதறினார். கேரட் துருவிப் போடச் சொன்னார்களாம். அன்றைக்குக் கேரட்டை அவரே துருவினார். கல்யாணமான நாளிலிருந்து கத்தியைத் தொடாதவர்.

“யாருங்க அந்த மேடம்?” என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள்.

“பூச்சி டாக்டர்.”

“டாக்டர்கிட்ட தினமும் அரை மணி நேரம் பேசுவாங்களா?”

“சில நாள் அவங்களேதான் விடமாட்டேங்கறாங்க” என்று சொல்லிவிட்டு முகத்தைத் தொட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இப்போது இந்தப் பொய் வேறு. இத்தனை வருடத்தில் அவள் அறிந்து அவர் சொன்ன முதல் பொய். அதையும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை, குரல் தடுமாறியது.

அவர் குளிக்கப் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கைப்பேசி தொட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பாக்கெட் கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற யாரோ ஒருத்தி. முப்பது நாள் சொல்லிக்கொடுத்தும் எல்லாம் செத்துவிட்டது என்று மேலதிகாரியிடம் போய்ச் சொன்னால் அவளை என்ன சொல்வார்களோ. இவர் பொய்க்கு அவள் ஏன் திட்டு வாங்க வேண்டும்?

கைப்பேசியை எடுத்துக் கடைசியாகப் பேசிய எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் எடுத்த சத்தம் கேட்டதுமே, தைரியம் போவதற்குள் கடகடவென்று கொட்டிவிட்டாள்.

“கொஞ்சம் முன்னாடி எங்க வீட்டுக்காரர் பேசினாரே, எல்லாம் செத்துப்போச்சுன்னு, அது பொய்ம்மா. பதினொண்ணும் நல்லா இருக்கு, நான் எண்ணிப் பாத்துட்டேன். ஏன் அப்படிச் சொன்னாருன்னு எனக்கே புரியல. உன் வேலைக்கு ஏதும் ஆயிடக் கூடாதேன்னுதான் கூப்பிட்டேன். தப்பா எடுத்துக்காதே.”

கைப்பேசியைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

“கேக்குதாம்மா?”

மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. பிறகு அந்தக் குரல்.

“பொய்னு எனக்குத் தெரியும்மா. நிஜமாவே செத்திருந்தா அப்பாவால அதைச் சொல்லியிருக்கவே முடியாது.”

அது மகளின் குரலேதான். நான்கு வருடங்களுக்கு முன்னால், தானே ஒருவனைத் தேடிக் கட்டிக்கொண்டதற்காக, “இனிமே இந்த வீட்டுக்கு நீ போன்கூடப் பண்ணக் கூடாது” என்று அவர் சொன்ன அன்றிலிருந்து இன்றுவரை மகள் ஒரு தடவைகூடப் பண்ணவில்லை; முப்பது நாளாகப் பண்ணிக்கொண்டிருந்தது அவர்தான்.