பன்னிரண்டு பேர் கொண்ட குழு

"உன் ப்ரொஃபைலைப் பார்த்தா எனக்கே உனக்கு வேலை கொடுக்கத் தோணலை" என்றார் சித்தப்பா.

சின்னுவுக்குச் சுருக்கென்றது. ஆன்லைனில் மொழிபெயர்ப்பு வேலை பிடிக்கிறேன் என்று இருந்த ஆபீஸ் வேலையை விட்டவள் அவள்தான். விண்ணப்பம் போட்டுப் போட்டு விரல் தேய்ந்ததுதான் மிச்சம். பழைய மேனேஜர் காலில் விழுந்தாவது திரும்பிப் போ என்று அம்மா சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"ஆர்வமும் உழைப்பும் கொண்ட மொழிபெயர்ப்பாளர்னு போட்டிருக்கே. அங்கே இருக்கிற அத்தனை பேரும் அதைத்தான் போட்டிருக்காங்க. ஒரு வேலை வந்தா ஈ மாதிரி மொய்க்கிறாங்க. கூட்டத்துல நீ தனியாத் தெரிய வேணாமா?"

"நான் ஒருத்திதானே சித்தப்பா?"

"அதை ஏன் ஊருக்கெல்லாம் சொல்றே?"

சித்தப்பா இன்சூரன்ஸ் ஏஜென்ட். இல்லாததை இருக்கிற மாதிரி பேசுவது அவருக்குக் கைவந்த கலை. அன்று சாயங்காலமே சின்னு ஒரு நிறுவனமானாள். 'பன்னிரண்டு வல்லுநர்கள் கொண்ட குழு. உலகத் தரம்.'

மறுநாளே ஒரு பொம்மைக் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. பேட்டரியில் ஓடும் பொம்மைகளுக்கான விளக்கக் குறிப்புகளைத் தமிழில் தர வேண்டும். வருஷம் முழுக்க வேலை இருக்கும். சின்னு துள்ளிக் குதித்தாள், கடைசி வரியைப் படிக்கும் வரை.

'உங்கள் குழுவை வீடியோவில் சந்திக்க விரும்புகிறோம்.'

"இதுக்குப் போய்ப் பயப்படுவாங்களா?" என்றார் சித்தப்பா. "வீட்டுல ஆளா இல்லை?"

படுக்கையறைச் சுவரில் வெள்ளைப் போர்வை தொங்கியது. பஸ் ஓட்டி ரிட்டயரான அப்பா நிதி அதிகாரி ஆனார். மேலே முழுக்கைச் சட்டை, கீழே அரை டிரவுசர். அம்மா தரக்கட்டுப்பாட்டுத் தலைவி. சித்தப்பா தலைமை மேலாளர்.

"மத்த எட்டுப் பேர்?" என்றாள் சின்னு.

"லீவு."

வீடியோவில் பொம்மைக் கம்பெனி தெரிந்ததும் சின்னு அவசரமாகத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். கோட்டு போட்ட இயக்குநர். கண்ணாடி போட்ட ஏற்றுமதிப் பிரிவுத் தலைவி. டை கட்டிய சட்ட ஆலோசகர். மூன்று பேர் முகத்திலும் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை.

"கெடு தவறாம வேலை வந்துடுமா?" என்று இயக்குநர் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் மறந்துபோயிற்று.

"என் சர்வீஸ்ல ஒரு ஆக்சிடென்ட் கிடையாது சார்."

சித்தப்பா இருமி மழுப்பினார். "அதாவது, வேலையில ஒரு பிசகு வந்ததில்லைன்னு சொல்றார்."

சட்ட ஆலோசகர் முன்னால் குனிந்தார். "சின்னக் குழந்தைங்க விளையாடற பொருள். ஒரு வார்த்தை தப்பாப் போனாலும் ஆபத்து. அதனால தரக்கட்டுப்பாட்டுத் தலைவி ஒவ்வொரு வரியையும் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடணும். ஏதாவது ஆச்சுன்னா அவங்கதான் பொறுப்பு."

அம்மாவின் முகம் வெளிறிப்போனது. அவள் மேஜைக்குக் கீழே சின்னுவின் கையைப் பிடித்தாள்.

அதற்கு மேல் சின்னுவால் முடியவில்லை.

"சார், மன்னிச்சிடுங்க. இவங்க எங்கம்மா. அவர் அப்பா, இவர் சித்தப்பா. பன்னிரண்டு பேரெல்லாம் கிடையாது. நான் ஒருத்திதான். ஆனா வேலையை ஒழுங்காச் செய்வேன். கையெழுத்தும் நானே போடறேன்."

சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்களுடையது பெரிய நிறுவனம்மா. இங்கே எல்லாமே வெளிப்படை. ஆரம்பத்துலேயே பொய் சொல்றவங்களோட எங்களுக்கு ஒத்துவராது. வணக்கம்."

சட்ட ஆலோசகர் எதையோ தட்டினார். திரை இருண்டது.

"உன்னை யார் அரிச்சந்திரன் பேத்தி ஆகச் சொன்னது?" என்று சித்தப்பா பொரிந்து தள்ளினார். அம்மா சின்னுவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். சின்னு கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை மூடப் போனாள்.

"பாவங்க அந்தப் பொண்ணு."

லேப்டாப்பிலிருந்துதான் குரல் வந்தது. ஏற்றுமதிப் பிரிவுத் தலைவி.

"நாம மட்டும் என்னவாம்? இந்த வீட்டுல இருக்கிற மூணு பேர்தானே மொத்தக் கம்பெனியும்?"

"வாயை மூடுடி. உள்ளதைச் சொன்னா எந்தக் கடைக்காரன் நம்ம பொம்மையை வாங்குவான்?" என்றார் இயக்குநர். "மாப்ளே, இந்தக் கோட்டைப் பக்கத்து வீட்டுல திருப்பிக் கொடுத்துட்டு வந்துடுங்க."

"முதல்ல இந்த டையை அவிழ்த்து விடுங்க மாமா, மூச்சு முட்டுது" என்றார் சட்ட ஆலோசகர். "பெட்டி ஒட்டற வேலை பாதியில கிடக்கு."

சின்னு அப்பாவைப் பார்த்தாள். அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா சுவரில் தொங்கிய போர்வையைப் பார்த்தார்.

சின்னு மெல்ல மைக் பக்கம் குனிந்தாள்.

"சார், படம்தான் நின்னுருக்கு. பேச்சு நல்லாவே கேக்குது."

அந்தப் பக்கம் ஏதோ பொத்தென்று விழுந்தது. இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அதும்மா... யோசிச்சுப் பார்த்தா, நீங்க ஒருத்தரே போதும்னு தோணுது. எப்ப ஆரம்பிக்கலாம்?"