அக்கா கப்பல்

சவுதாம்ப்டன் துறைமுகத்துப் படக்கொட்டகையில் 1912ஆம் வருஷத்தின் கடைசி ஆட்டமாக வருஷச் செய்திப்படம் ஓடுகிறது. ஆரஞ்சுத் தோலும் ஈரக் கம்பளியும் சேர்ந்து மணக்கின்றன. புகைக்குள் நீளும் ஒளியில் அந்த வருஷமே நடுங்கிக்கொண்டு கடந்துபோகிறது: சீனத்தில் புதுக்கொடி, பால்கன் போர்க்களக் குதிரைகள், வேலைநிறுத்தத்தில் கைகட்டி நிற்கும் நிலக்கரிச் சுரங்க ஆட்கள். கரியில்லாமல் பாதிக் கப்பல்கள் கரையில் கிடந்த அந்த நாட்களில்தான், உலைக்குக் கரி தள்ளும் வில், கிடைத்த வேலை போதுமென்று டைட்டானிக்கில் ஏறினான், திரும்பவில்லை. அவன் மனைவி ஏடா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். ‘டைட்டானிக் புறப்படுகிறது’ என்று திரையில் எழுத்து விழுகிறது. பியானோ தாழ்கிறது. ஆண்கள் தொப்பியைக் கழற்றுகிறார்கள்.

“யோவ், யார் காதுல பூ சுத்துற?” பின்னாலிருந்து மூட்டைதூக்கி ஜெம் படம் ஓட்டுகிறவனைப் பார்த்துக் கத்துகிறான். “இது அதே அச்சுல முன்னாடியே கட்டுன அக்கா கப்பல்யா! டைட்டானிக்குக்கு மேல்தட்டுல இருந்த கண்ணாடி அடைப்பைக் காணோம் பாரு!” கப்பல்கார ஊர், எல்லோருக்கும் இப்போது தெரிகிறது. “செத்தவங்கள வச்சா பொழைக்கிற? நிறுத்துடா!” கொட்டகை கொதிக்கிறது. ஏடா மட்டும் கண்ணெடுக்கவில்லை. திரையில் கம்பியோரம் கரியப்பிய ஒருவன், தொப்பியாலேயே பிடரியைச் சொறிகிறான். அப்படிச் சொறியாதே என்று அவள் எத்தனை தடவை திட்டியிருப்பாள். போன வருஷம் அவன் வேலை பார்த்தது இந்த அக்கா கப்பலில்தான். அவள் எழுந்து நிற்கிறாள்.

“நிறுத்தாதீங்கய்யா. பொய்தான், எனக்கும் தெரியுது. ஆனா எங்க வீட்டுக்காரரு நிக்கிறாரு பாருங்க, முழுகாத கப்பல்ல.”